மேட்டுக்கு ஒரு இன்ஜின்

மார்ச் 9. பெரிய இன்ஜினை அளந்தபோது அதன் தலையில் உட்காரும் சிலிண்டர் ஹெட்டின் உயரத்தைச் சேர்க்க மறந்துவிட்டேன். தவறு என்னுடையதுதான்.

மாலை வகுப்பில் மெக்கானிக் படிப்பவன் டைரியை மூடிவிட்டு மறுபடியும் ஸ்பானரை எடுத்தான். அவனுடைய சின்ன பைக், பாலத்து மேட்டில் இரண்டு பேரை இழுக்காது. தினமும் மனைவி பாதியில் இறங்கி, வேலைக்குக் கட்டிய புடவையோடு நடந்தே மேடேறுவாள். அதற்காகத்தான் பெரிய இன்ஜின் ஒன்றை வாங்கி வந்து அதில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னும் உள்ள போகலையா?" என்று அவள் எட்டிப் பார்த்தாள்.

"பெட்ரோல் டேங்க்ல இடிக்குது. உயிரை வாங்குது, சனியன்!"

"அதை வாங்கினது நீங்க. அதைப் போய் ஏன் திட்டுறீங்க?"

ஃபிரேமை அறுத்தான், வெல்டிங் வைத்தான், இன்ஜினை இறக்கி இறக்கி ஏற்றினான். நான்கு நாள் மல்லுக்கட்டிய பிறகு, டேங்கையே பின்னால் தள்ளி வைத்ததும் இன்ஜின் உட்கார்ந்தது. தனியாக ஓட்டிப் பார்த்தான். வண்டி மேட்டில் பறந்தது.

"இனிமே நீ இறங்கவே வேணாம். ஏறு!" என்றான் நெஞ்சை நிமிர்த்தி.

கைப்பையோடு வந்தவள் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"எங்கங்க ஏறுறது? பாதி சீட்டை டேங்க் தின்னுடுச்சு. இதுவரைக்கும் மேட்டுல மட்டும்தான் நடந்தேன். இனிமே வீட்டுலேருந்தே நடக்கணுமா?"

அன்று எழுதினான்: மார்ச் 13. டேங்கைத் தள்ளியபோது மனைவியைச் சேர்க்க மறந்துவிட்டேன். நாளை பழைய இன்ஜினை மாட்ட வேண்டும்.