மட்டக்குதிரைக்கு ஒரு குறை

“இன்னா வயசு பாய்?” மட்டக்குதிரையின் பல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டாள் ஜீனத்.

“பத்து,” என்றான் ரஷீது.

“கடிக்குமா, ஒதைக்குமா?”

“பீச்சுல எத்தினி புள்ளைங்கள சுமந்துகீது. ஒண்ணக்கூடத் தள்ளுனதில்ல.”

“கன்டெய்னர் லாரி ஹாரன் அடிச்சா மிரளுமா?”

“லாரிதான் இதப் பாத்து ஒதுங்கும்.”

“அப்பறம் ஏன் விக்கிற?”

“ஆட்டோ வாங்கணும்.”

“குறை எதுனா கீதா? மறைக்காம சொல்லு.”

ரஷீது தயங்கினான். “கல்மண்டபத்துல ஒரு டீக்கடையாண்ட தானா நின்னுடும். பொறை பிஸ்கோத்து குடுத்தாதான் நவுரும்.”

ஜீனத் கடிவாளத்தை விட்டாள்.

“எங்க வாப்பா கடையில டீ குடிக்கிற சாக்குல, என்னப் பாக்க தெனம் நிறுத்துனியே. அது உனக்குக் குறையா?”

“கோச்சுக்காத ஜீனத்து. நாளைக்கு வாங்க வர்றவரு இதெல்லாம் கேப்பாருன்னு நீதானே ஒத்திகை பாக்கலாம்னு சொன்ன.”

அவன் மனைவி ஜீனத் வீட்டுக்குள் போய், ஒரு பொறையோடு திரும்பி வந்தாள். அதைக் குதிரையின் வாயருகே நீட்டினாள்.

“அவர வர வேணாம்னு போன் பண்ணிடு,” என்றாள். “உன் ஆட்டோ அங்க தானா நிக்குமா?”