வாசல் பூதத்தின் அலுப்பு

கண் திருஷ்டி படாமலிருக்க வாசலுக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருந்த பூதமுகத்துக்கு அலுத்துவிட்டது. ஏழு வருஷமாக விழியை உருட்டி, நாக்கைத் தொங்கப்போட்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் ஒரே முறைப்பு.

“ஒரு நாளாவது இந்த நாக்கை உள்ளே இழுத்துக்கிட்டுச் சும்மா இருக்கணும்” என்றது, தன் முதுகுக்குப் பின்னால் குடியிருந்த பல்லியிடம். “அதோ வர்றார் பாரு வீட்டுக்காரர் சிற்றரசு. கொடுத்து வச்ச மனுஷன். எப்பவும் சிரிச்ச முகம்.”

சிற்றரசு படியில் நின்றார். கர்சீப்பால் முகத்தை அழுந்தத் துடைத்தார். துடைத்த இடத்தில் சிரிப்பு வந்தது. “கோமளா!” என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனார். அவர் மனைவியின் சிரிப்பும் வாசல்வரை கேட்டது.

“அவருக்கு வேலை போய் இருபது நாளாச்சுண்ணே” என்றது பல்லி. “டிபன் கேரியரோட பார்க்குல போய் உக்காந்துட்டு வர்றார்.”

“அந்தம்மாவுக்குத் தெரியாதா?”

“தெரியாது. அந்தம்மாவோட ஆஸ்பத்திரி ரிப்போர்ட் அரிசி டப்பாவுக்கு அடியில கிடக்கு. அது இவருக்குத் தெரியாது.”



“அப்போ அந்தச் சிரிப்பை எங்கேதான் கழட்டி வைக்கிறாங்க?”

“பாத்ரூம்ல. சத்தம் வெளியே கேக்காம இருக்க, குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு.”

“ரெண்டு பேருமா?”

“ஆளுக்கொரு நேரம்ணே. குழாய் ஒண்ணுதான்.”

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. யார் என்று பூதமுகம் கேட்கவில்லை.