ரஃபத்தின் கைகள்

அல்லாஹ் மீது ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நம்பாதவர்கள் பாலஸ்தீனத்து நாப்லுஸ் பழைய நகரத்துப் பூனைகளைக் கேளுங்கள். உம் ரஃபத்தின் மகன் கை கழுவிய நுரையில் வழுக்கி விழாத பூனை அங்கே கிடையாது.

அன்று மாலையும் ரஃபத் கடையை மூடிவிட்டுச் சந்துக்குள் நுழைந்தான். சாப்பாட்டு மேசைக்குப் பிளாஸ்டிக் விரிப்பு வெட்டி விற்கிறவன்.

"வா, ரஃபத்" என்றார் காப்பிக்கடைக்காரர்.

கல்யாணமான புதிதில் 'அபூ ஃபவ்வாஸ்', அதாவது ஃபவ்வாஸின் அப்பா, என்றுதான் கூப்பிடுவார். பிறக்கப்போகும் மகனுக்குத் தாத்தா பெயர்தானே? வருஷங்கள் ஓடின. பாவம் பார்த்து எல்லோரும் அதை நிறுத்திக்கொண்டார்கள்.

"நில்லுடா அங்கேயே! கதவுல கை வைக்காதே!"

ரஃபத்தின் தாய் உம் ரஃபத் சோப்புக்கட்டியோடு குழாயடிக்கு வந்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் மசூதிப் புறாக்கள் மொத்தமும் பறந்தன. மருமகள் ஹனாதி துண்டுடன் வாசலில் தலைகுனிந்து நின்றாள்.

"விரலிடுக்கு! நகக்கண்! நல்லாத் தேய்! பிளாஸ்டிக் மெத்துனு இருக்க ஏதோ ரசாயனம் கலக்குறாங்களாம். அது கையில ஒட்டுமாம். அந்தக் கையால ரொட்டியப் பிச்சுத் தின்னா உடம்புக்குள்ள போயி புள்ளப் பாக்கியத்தையே கெடுத்துடுமாம். டாக்டரே சொன்னாரு!"

"கழுவிட்டேன் உம்மா."

"இன்னொரு தடவ! உன் கையாலதான்டா என் மடி காலியாக் கெடக்கு!"

சந்து முழுக்க ஜன்னலில் நின்றது. பெற்ற மகனை ஊர் பார்க்க இப்படியா வதைப்பாள் ஒருத்தி?

எதிர்வீட்டு உம் பஸ்ஸாம், பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அவனை ஏன் படுத்துறே? கோளாறு வேற பக்கம் இருந்தா?" ஹனாதி பக்கம் தாடையை ஆட்டினாள். "எங்கக்கா மக ஒருத்தி இருக்கா, கிளி மாதிரி..."

"கூண்டுல போட்டு நீயே வளர்த்துக்கோ! என் மருமகளுக்கு ஒரு குறையும் இல்ல. குறை இவன்கிட்டதான். என் காதால கேட்டேன்."

ரஃபத்தின் காதுமடல் சிவந்தது. மறுபடி சோப்பை எடுத்துத் தேய்த்தான்.

உம் பஸ்ஸாமின் பேரன் குழாய்த் தண்ணீருக்குக் கை நீட்டினான். விரலெல்லாம் அத்திப்பழ ஜாம். உம் ரஃபத்தின் வாய் அப்போதுதான் ஓய்ந்தது. அந்தக் குட்டிக் கையை ஏந்தி, ஒவ்வொரு விரலாகக் கழுவினாள். சுத்தமான பிறகும் விடவில்லை. உம் பஸ்ஸாம்தான் பிள்ளையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டதும், உம் ரஃபத் மகனின் வெடித்த கைகளில் ஒலிவ எண்ணெய் தடவினாள்.

"எரியுதாடா கண்ணு?"

"பரவால்ல உம்மா. நீ திட்டுற திட்டுல காப்பிக்கடைக்காரர் பாவம்னு ஓசிக் காப்பி குடுக்குறாரு."

ஹனாதி அழுதுவிட்டாள்.

"போதும் மாமி. கையைக் கழுவச் சொன்னாரு டாக்டர், நிசம்தான். ஆனா இவர்கிட்ட ஒரு குறையும் இல்ல, எல்லாம் எனக்குத்தான்னு சொன்னாரே. நானே வெளிய சொல்லிடறேன்."

"மூச்! இவன்னா நாலு நாள் சிரிச்சுட்டு விட்டுடுவாங்க. நீன்னு தெரிஞ்சா நாளைக்கே எனக்கு வேற மருமக கொண்டு வந்து நிறுத்துவாங்க. எனக்கு நீ போதும்டி."

இந்தக் கதையை உங்களிடம் சொன்னது நான் என்று மட்டும் மூச்சுவிட்டுவிடாதீர்கள். எனக்கும் அந்தக் குழாயடியைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகவேண்டும்.