முதல் வாய்

"முதல்ல நீங்க ஒரு வாய் வைங்க ஃபோர்மேன். அப்புறம்தான் நான்."

மேனேஜர் தட்டை எதிர்ப்பக்கம் தள்ளினார். ஃபோர்மேன் ஒரு கரண்டி எடுத்து, கண்ணை மூடி, நாக்கில் உருட்டி விழுங்கினார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி மேனேஜர் அவர் முகத்தையே பார்த்தார்.

"தாராளமா சாப்பிடுங்க சார். காளான்தான்."

அச்சு இயந்திரம் வாங்க வந்து எட்டு நாள் ஆகிறது. பாஷை தெரியாத நாடு. ஆடு மாதிரிக் கத்திக் காட்டினாலும் சரி, இலை மாதிரிக் கையை விரித்துக் காட்டினாலும் சரி, ஹோட்டல் சர்வர் ஒரே மாதிரிச் சிரித்துத் தலையை ஆட்டினார். மேனேஜரோ, கறி தொடமாட்டேன் என்று அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்தவர். ஐம்பத்தாறு வயதுவரை அதைக் காப்பாற்றியும் விட்டார்.

அதனால்தான் கிளம்பும் முன்பே, "கறி ருசி தெரிஞ்ச ஆள்தான் என்கூட வரணும்" என்று ஆபீஸில் கறாராகச் சொல்லியிருந்தார். நாலு ஃபோர்மேன்களில் இவர்தான் முந்திக்கொண்டு கை தூக்கினார்.

"அந்தப் பச்சை சூப் எப்படி?"

ஃபோர்மேன் ஒரு சொட்டு நக்கி முகத்தைச் சுளித்தார். "ஐயையோ, சுத்தக் கறி சார். கிட்டயே போகாதீங்க."

"நல்லவேளை! நீங்க இல்லைன்னா என் சத்தியம் முதல் நாளே காத்துல பறந்திருக்கும்." மேனேஜர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊருக்குப் போனதும் முதல் வேலை உங்க புரமோஷன்தான். அது கிடக்கட்டும், இந்த ஊர்க்காரன் காளானை என்னமா சமைக்கிறான்யா! நார் நாராப் பிரியுது!"

ஃபோர்மேன் தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர் மூன்றாவது தட்டுக்கு எழுந்து போனார்.

அந்த நேரம் பார்த்து ஃபோர்மேனின் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, அங்க எல்லாத்துலயும் கறியப் போடுவாங்களாமே! பட்டினி கிடக்குறீங்களா?"

"மெதுவாப் பேசுடி" என்று ஃபோர்மேன் வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார். "ஏரோப்ளேன்ல ஏறுற ஆசையில கையத் தூக்கித் தொலைச்சேன். பரம்பரையா முட்டைகூட உடைக்காத வீட்டுல பொறந்தவனுக்குக் கறி எப்படி இருக்கும்னு என்ன தெரியும்? வாய்க்கு ருசியா இருந்தா காளான், இல்லைன்னா கறின்னு சொல்லி எட்டு நாளா ரெண்டு பேரும் வெளுத்துக் கட்டுறோம்!"