கரிசலுக்கு ஒரு செட்டிங்

ஹெட்போனுக்குள் மெஷின் வீறிட்டதும் ராக்கப்பன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். முத்துப்பேச்சி மோரோடு வந்து பக்கத்தில் குத்தவைத்திருந்தாள்.

"செம்ப மெஷினு பக்கத்துல கொண்டாராதீங்கன்னு எத்தன தடவ சொல்றது அக்கா?"

"கண்ணத் தொறந்து பாரு தம்பி. மண் கலயம்."

பார்த்தார். மண் கலயம்தான்.

"அப்பம் இந்தக் கரிசல்தான் சேட்ட பண்ணுது" என்று முணுமுணுத்துக்கொண்டே மெஷினின் திருகைக் கொஞ்சம் குறைத்தார்.

பட்டாளத்தில் கண்ணிவெடி தேடியவர் ராக்கப்பன். டி.வி. வந்து ரேடியோ ரிப்பேர் படுத்துவிட்ட நேரம். ராஜபாளையத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் ஒருவரைப் பிடித்து, மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்தும் இந்த மெஷினைச் செய்துகொண்டார். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் வேலையில் கெட்டி. செண்பகத்தோப்புச் செம்மண்ணுக்குத் திருகில் ஒரு அளவு, ஆலங்குளத்துச் சுண்ணாம்பு நிலத்துக்கு வேறு அளவு. வட்டத் தட்டைத் தூக்கித் தூக்கித் தரைக்கு இறக்கி, இரைச்சல் ஒரே சீராக வரும்வரை விடமாட்டார்.

வன்னியம்பட்டியில், முத்துப்பேச்சியின் பருத்திக் காட்டில் அவர் தேடுவது ஒரு மோதிரம். செத்துப்போன புருஷன் போட்டிருந்தது. பருத்தி எடுக்கும்போது அவள் விரலிலிருந்து நழுவிவிட்டதாம். கூலி வேண்டாம், மத்தியானச் சோறு போதும் என்று வந்தவருக்கு இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது.

"நீ வந்த பொறவுதான் தம்பி எம் வாயே தொறந்திருக்கு" என்றாள் முத்துப்பேச்சி, கலயத்தை நீட்டியபடி. "மகன் பிலாயிலருந்து லெட்டர் போட்டு ஆறு மாசமாச்சு."

"ஏன் கேக்கிய? எம் பொஞ்சாதி போன பொறவு நானும் செவுத்துகிட்டதான் பேசுதேன்."

சாயங்காலத்துக்குள் கடைசி வரிசையும் முடிந்தது. மோதிரம் கிடைக்கவில்லை. ராக்கப்பன் ஹெட்போனைக் கழற்றினார்.

"அம்புட்டுத்தானா?" என்றாள் முத்துப்பேச்சி. "இனிமே வரமாட்டியா தம்பி?"

ராக்கப்பனுக்கும் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பிடித்தது கோடை மழை. இருவரும் பம்ப்செட் ரூமுக்குள் ஓடி நின்றார்கள். பத்தே நிமிஷம்தான், காடு முழுக்கச் சேறு. மழை விட்டதும் ராக்கப்பன் இறங்கி ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து பார்த்தார்.

"போச்சு! காஞ்ச மண்ணுக்கு வச்ச செட்டிங் ஈர மண்ணுக்கு ஆகாது. அளவ மாத்தி மொதல்லருந்து தேடணும்."

"எம்புட்டு நாளாகும்?"

"இன்னும் பன்னெண்டு நாளாவது ஆகும்."

வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்திருப்பார்கள். முத்துப்பேச்சியோ, "அப்பம் நாளைக்குக் கருவாட்டுக் கொழம்பு வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

ராக்கப்பன் மெஷினைச் சைக்கிள் கேரியரில் கட்டி, ஸ்டாண்டைத் தட்டிவிட்டார்.

"வைங்கக்கா, வாரேன். மோதிரத்த மட்டும் வீட்டுலயே வச்சுட்டு வாங்க. மடியில இருந்தா மெஷினு கத்துது."