மெஷினை வென்ற பெர்லிதா

செபு நகரத்து சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் பெர்லிதா டெஸ்டர். வங்கிச் செயலியின் ஒவ்வொரு புதிய பதிப்பையும் வீட்டிலிருந்தபடியே சோதித்து, குறைகளைக் கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. சோதனைகளைத் தானாகவே செய்யும் புரோகிராமோடு மணிலாவிலிருந்து ஒரு நிபுணர் வந்து இறங்கினார்.

"இது இருந்தா இனிமே டெஸ்டரே வேண்டாம் சார்" என்றார்.

முதலாளி விலார்தேவுக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு வாரம் ரெண்டு பேரும் அதே சோதனைகளைச் செஞ்சு பாருங்க. யார் ஜெயிக்கிறாங்களோ, அவங்க இருக்கட்டும்."

பெர்லிதா மறுபேச்சில்லாமல் சம்மதித்தாள்.

வெள்ளிக்கிழமை நிபுணரின் முகத்தில் ஈயாடவில்லை. "இந்தம்மா மனுஷிதானா சார்? என் புரோகிராமைவிட வேகமா முடிக்கிறாங்க. ஒரு குறைகூட தப்பல. களைப்புங்கிறதே கிடையாது!"

விலார்தே பூரித்துப்போய் பெர்லிதாவுக்கு போன் செய்தார். "மனுஷ உழைப்பை மெஷின் அடிச்சுக்க முடியாதுன்னு காட்டிட்டியேம்மா! உன்னை மாதிரியே இன்னொரு ஆள் இருந்தா உடனே அனுப்பு."

"என் சித்தி பொண்ணு நிமியா இருக்கா சார்."

விஷயத்தைக் கேட்ட நிமியா பதறிப்போனாள். "ஐயோ அக்கா, எனக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ண மட்டும்தானே தெரியும்!"

"அது போதும்டி" என்றாள் பெர்லிதா, அடுப்பில் கொதித்த அடோபோவைக் கிளறியபடி. "ரெண்டு வருஷமா நானும் அதை மட்டும்தான் பண்றேன். மிச்சத்தையெல்லாம் நான் எழுதி வச்ச புரோகிராம் பார்த்துக்குது."