மோகினி கிரவுண்டு

வேலிகாத்தான் கிளையில் வெள்ளைத் துணியைக் கட்டி முடித்த சுபஸ்ரீ, அதன் அடியில் குங்குமத்தைக் கொட்டினாள். பூஜா எலுமிச்சம்பழங்களை மூலைக்கு ஒன்றாக வைத்தாள்.

"இது போதுமா சுபா? நெசமாவே மோகினி வந்துடுமா?"

"அது வரவே வராது. ஆனா இத்தப் பாத்தா ஒரு பையன் கூட இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டான்."

வல்லம் வடகாலில் நெல் விளைந்த இடமெல்லாம் கம்பெனியாகிவிட்டது. மிச்சமிருந்த பள்ளி மைதானத்தையும் பையன்கள் கிரிக்கெட்டுக்குப் பிடித்துக்கொண்டார்கள். மாவட்டக் கபடித் தேர்வோ அடுத்த வாரம்.

மூடிக் கிடந்த ஒரு ஷெட்டுக்குப் பின்னால் இந்த மண்தரையைப் பெண்கள்தான் கண்டுபிடித்தார்கள். இப்போது இதையும் கிரிக்கெட் ஆடும் சிவசங்கர் கோஷ்டி மோப்பம் பிடித்துவிட்டது. வேறு வழியில்லாமல் பதினாறு வயது சுபஸ்ரீ ஒரு மோகினியை உற்பத்தி செய்தாள்.

"எலுமிச்சம்பழமெல்லாம் எதுக்குடி? மோகினி இன்னா ஜூஸ் கடையா வெக்கப் போவுது?" என்று இடிந்த சுவரின் மேல் உட்கார்ந்திருந்த ஞானம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஞானம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். பெண்கள் முதன்முதலாக இங்கே வந்த அன்றே, "நான் அம்பயரா இருக்கட்டா?" என்று கேட்டுச் சேர்ந்துகொண்டவள். வீடு எங்கே என்றால், "இங்கதான், பக்கத்துல" என்பாள். அவள் அவுட் என்றால் அவுட்டுதான்; எதிர்த்துப் பேச யாருக்கும் துணிவு வராது.

கதை ஊரெல்லாம் பரவியது. ரெண்டு பையன்களுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. பெண்கள் நிம்மதியாக ஆடினார்கள்.

அப்போதுதான் சுகப்பிரியா வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, ஹாஸ்டலில் தங்கிச் செல்போன் கம்பெனிக்குப் போகிறவள். காலை ஷிப்ட் முடித்து அந்த வழியாக நடந்து வந்தவள், "நானும் ஒரு தடவ பாடி வரட்டா?" என்று கேட்டாள்.

வந்தாள், பாடினாள். "கபடி கபடி கபடி" என்ற பாட்டு அறுபடவே இல்லை. ஒவ்வொருத்தியாகத் தொட்டுவிட்டு, சந்தைக்குப் போய் வந்த மாதிரி சாவகாசமாகத் திரும்பினாள். ஒரு துளி இரைப்பு இல்லை.

சுபஸ்ரீக்குச் சந்தேகம் வந்தது. கட்டிவிட்ட கதைக்குக் கை கால் முளைத்துவிட்டதோ? குனிந்து சுகப்பிரியாவின் பாதத்தைப் பார்த்தாள். தரையில்தான் இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அக்கா, நீ மூச்சு வுட்றியா இல்லியா?"

சுகப்பிரியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க அப்பா சங்கு குளிக்கப் போறவுக. சின்னப்பிள்ளையிலயே என்னையும் கடல்ல முக்கி மூச்சடக்கப் பழக்கிட்டாவ. நீ என்னட்டி, என்னையப் பேயின்னா நெனச்ச?"

"பேயைக் கண்டுபுடிக்கிற மூஞ்சப் பாரு!" என்று சுவரின் மேலிருந்து ஞானம்மா கைகொட்டினாள். சுபஸ்ரீக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் சாயங்காலம் சிவசங்கர் ஆறு பேரோடு வந்து நின்றான். கிளையில் தொங்கிய துணியை உருவி, விரித்துக் காட்டினான்.

"இன்னாம்மா, உங்க மோகினி ஸ்கூல் யூனிபாரம் துப்பட்டாதான் போடுமா? ஓரத்துல இங்க் கறை வேற கீது. கெளம்புங்க, ஸ்டம்பு நடணும்."

பூஜாவின் கண்ணில் நீர் முட்டியது. சுபஸ்ரீ நகரவில்லை. தேர்வுக்கு இன்னும் மூன்றே நாள். இந்த மண்ணை விட்டால் ஆடுவதற்கு ரோடுதான். ஷிப்ட் முடித்து வந்திருந்த சுகப்பிரியாவைக் கைகாட்டினாள்.

"இந்த அக்கா ஒரே ஒரு வாட்டி பாடி வருவாங்க. நீங்க ஏழு பேரும் சேந்து அமுக்கிட்டீங்கன்னா கிரவுண்டு உங்களுது. இல்லேன்னா இந்தப் பக்கமே வரக் கூடாது. சரியா?"

"ஏழு பேரா? நான் ஒருத்தன் போதும்," என்று சிரித்தான் சிவசங்கர்.

சுகப்பிரியா துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினாள். ஓரமாக நின்றவனைத் தொட்டாள். திரும்பும்போது சிவசங்கர் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். மற்றவர்கள் மொத்தமாக மேலே விழுந்தார்கள்.

புழுதிக்குள்ளிருந்து பாட்டு மட்டும் வந்துகொண்டே இருந்தது. அந்த ஆள் குவியலையே இழுத்துக்கொண்டு சுகப்பிரியா ஒவ்வொரு சாணாக நகர்ந்தாள். கடைசியில் ஒரு கை மட்டும் வெளியே நீண்டது.

"கோட்டைத் தொட்டாச்சு! ஏழு பேரும் அவுட்!" என்று ஞானம்மா சுவர் அதிரக் கத்தினாள்.

சிவசங்கர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து மூக்கில் ஏறிய மண்ணைத் துடைத்துக்கொண்டு, நடுக்கோட்டையே குனிந்து பார்த்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் நாலு விரல் தடம் பளிச்சென்று பதிந்திருந்தது.

"தொடவே இல்லடா மச்சான், அழிச்சாட்டியம் பண்றாளுங்க," என்றான் கூட வந்த ஒருவன்.

"சும்மா இர்றா. தடம் கீதே, தெரியல?" என்று அவனை அடக்கினான் சிவசங்கர். "பேச்சுன்னா பேச்சு. கிரவுண்டு இவங்களுது."

பெண்கள் போட்ட கூச்சலில் வேலிகாத்தானில் இருந்த காக்கையெல்லாம் பறந்தன. சுபஸ்ரீ சுகப்பிரியாவைக் கட்டிக்கொண்டு, சுவரை நிமிர்ந்து பார்த்தாள். ஞானம்மா காலை ஆட்டியபடி கண்ணடித்தாள்.

மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த சிவசங்கர், நாலு எட்டு போய்த் திரும்பினான்.

"அடுத்த வாட்டி, அந்தக் காலிச் சுவத்து மேல ஒரு அம்பயரையாவது உக்கார வைங்க!"